படி ஏறினாலே மூச்சு வாங்குதா? நுரையீரலில் தழும்பாகிப் போகும் ரத்தக்கட்டியும், அதை உரித்தெடுக்கும் ஆபரேஷனும்

"ஒண்ணும் இல்ல மக்கா, வயசாயிட்டுல்லா. படி ஏறுனா கொஞ்சம் எளப்பு வருது, அவ்வளவுதான்."

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து வரும் போனில் இப்படி ஒரு பேச்சு வருவது பழக்கமானதுதான். நாமும் "டாக்டரைப் பாரும்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம்.

பெரும்பாலும் ரத்தசோகை, ஆஸ்துமா, உடல் எடை, இதயக் கோளாறு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். ஆனா இன்ஹேலர் கொடுத்தும் குறையாத, எக்ஸ்ரேயிலும் பெரிதாக எதுவும் தெரியாத மூச்சிரைப்பு சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். அப்படிப்பட்டவர்களில் ஒரு சிறிய பகுதியினருக்கு நுரையீரல் தமனிக்குள் பழைய ரத்தக்கட்டி தழும்பாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இது அரிதான நோய். ஆனால் நுரையீரல் ரத்த அழுத்த நோய்களில் ஒரே ஒரு ஆபரேஷனில் குணமாகும் வாய்ப்பு அதிகம் உள்ளது இதற்குத்தான். சந்தேகப்பட்டு சரியான ஸ்கேன் எடுத்தால் மட்டுமே அந்த வாய்ப்பு கைக்கு வரும்.

சுருக்கமாக:

• நுரையீரலுக்குப் போன ரத்தக்கட்டி முழுசாகக் கரையாமல் தழும்பாக மாறுவதுதான் இந்த நோய்.
• தழும்பை மருந்தால் கரைக்க முடியாது. தமனியின் உட்சுவரோடு சேர்த்து உரித்தெடுக்க வேண்டும்.
• அதற்காக உடலை 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர வைத்து, ரத்த ஓட்டத்தையே சில நிமிடங்கள் நிறுத்துவார்கள்.
• இந்தியாவிலும் இது நடக்கிறது. ஆனால் விரல்விட்டு எண்ணும் மையங்களில்தான்.

முதலில், நுரையீரலுக்குள் ரத்தக்கட்டி எப்படிப் போகிறது?

பெரும்பாலும் காலில்தான் தொடங்குகிறது. நீண்ட நாள் படுக்கை, எலும்பு முறிவுக்குப் போட்ட கட்டு, பெரிய ஆபரேஷன், பிரசவம், புற்றுநோய், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, மணிக்கணக்கில் காலை அசைக்காமல் உட்காரும் பயணம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றால் காலின் ஆழ்ந்த சிரைகளில் ரத்தம் உறையலாம். அந்தக் கட்டி பிய்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனியில் போய் அடைத்துக்கொள்ளும். இதைத்தான் டாக்டர்கள் பல்மனரி எம்பாலிசம் என்கிறார்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, மயக்கம், சில நேரம் சளியில் ரத்தம் எல்லாம் இதன் அறிகுறிகள். இது அவசர சிகிச்சைக்குரிய நிலை.

டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸை நினைவிருக்கிறதா? 2011-ல் அவருக்கு இந்தப் பிரச்சினை வந்தது. 2017-ல் மகள் பிறந்த மறுநாள் மூச்சுத்திணறல் வந்தபோது, ஏற்கெனவே அனுபவம் இருந்ததால், சிடி ஸ்கேனும் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தும் வேண்டும் என்று அவரே கேட்டார். முதலில் காலில் அல்ட்ராசவுண்ட்தான் எடுத்தார்கள். பிறகு எடுத்த சிடியில் நுரையீரலில் கட்டிகள் தெரிந்தன. உலகமே அறிந்த ஒருவர்கூட வற்புறுத்தித்தான் ஸ்கேன் வாங்க வேண்டியிருந்தது.

செரீனாவுக்கு வந்தது திடீர் அடைப்பு. நாம் பேசப்போவது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி.

கட்டி எப்படித் தழும்பாகிறது?

திடீர் அடைப்பு வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு மருந்தும் உடலின் சொந்த வேலையும் சேர்ந்து சில மாதங்களில் கட்டியைக் கரைத்துவிடும். ஆனால் உயிர் பிழைத்தவர்களில் 100-க்குச் சுமார் 3 பேருக்கு அது முழுசாகக் கரைவதில்லை. மிச்சமிருப்பது நாராக மாறி, தமனியின் உட்சுவரோடு ஒட்டி, இறுகிவிடுகிறது.

குலசேகரம் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்க ரப்பர் மரமே போதும். காலையில் பால்வெட்டும்போது வெட்டுத் தடம் வழியாக பால் ஓடி சிரட்டையில் விழும். ஓட்டம் நின்ற பிறகு தடத்தில் மிஞ்சிய பால் அப்படியே உறைந்து நாடா மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதுதான் ஒட்டுப்பால். அடுத்த முறை வெட்டுவதற்கு முன்னால் அதை உரித்து எடுத்தால்தான் தடம் சரியாகும். பாலை உறையாமல் வைத்திருக்க அம்மோனியா கலப்பார்கள். ஆனா ஏற்கெனவே இறுகிப்போன ஒட்டுப்பாலில் அம்மோனியாவை ஊற்றினால் அது திரும்பப் பாலாகுமா? ஆகாது.

நுரையீரல் தமனியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். ரத்தத்தை 'மெலிதாக்கும்' மாத்திரை என்று நாம் சொல்வது புதுக் கட்டி உருவாகாமல் தடுக்கும். தழும்பான பழைய கட்டியை அது கரைக்காது. அதை உரித்துத்தான் எடுக்க வேண்டும்.

உரிக்காமல் விட்டால் என்ன ஆகும்?

பாதிக் குழாய்கள் அடைபட்டால், உடம்பின் மொத்த ரத்தமும் மீதிக் குழாய்கள் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே அழுத்தம் ஏறும். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் இயல்பாக 14 அளவில் இருக்கும். 20-ஐத் தாண்டினாலே உயர் அழுத்தம் என்று 2018-க்குப் பிந்தைய வரையறை சொல்கிறது. கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பிரஷருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த பிரஷர் நார்மலாக இருந்துகொண்டே இந்த அழுத்தம் 50-ஐத் தொடலாம்.

இவ்வளவு அழுத்தத்துக்கு எதிராக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கித் தளரும். கால் வீங்கும், வயிற்றில் நீர் கட்டும், நடக்கும்போது தலை சுற்றி மயக்கம் வரும். அடைபடாத சின்னக் குழாய்களும் அழுத்தம் தாங்காமல் தடித்துப் போகும். தாமதம் ஆக ஆக ஆபரேஷனால் கிடைக்கும் பலன் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நோய்க்கு ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் உண்டு. மருத்துவர்கள் சுருக்கமாக சி.டி.இ.பி.ஹெச். என்பார்கள்.

ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது?

ஒரு ரப்பர் தொழிலாளியைக் கற்பனை செய்துகொள்வோம். விடிவதற்கு முன் எழுந்து, மேடும் பள்ளமுமான தோட்டத்தில் 300, 400 மரம் வெட்டுபவர். ஒரு வருஷமாக 100 மரத்துக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குகிறார். போன வருஷம் கால் முறிந்து ஆறு வாரம் கட்டோடு கிடந்ததை இதோடு அவர் சேர்த்துப் பார்க்கமாட்டார். டாக்டரும் கேட்டிருக்கமாட்டார். "தூசி அலர்ஜியா இருக்கும்" என்று ஒரு இன்ஹேலரோடு முடிந்துவிடும்.

இது ரப்பர் தோட்டத்தில் மட்டும் நடக்கும் கதை இல்லை. ஐரோப்பாவிலும் கனடாவிலும் 2007 முதல் 2009 வரை 27 மையங்களில் 679 நோயாளிகளைப் பதிவு செய்த ஒரு சர்வதேசப் பதிவேடு உண்டு. அதில் தெரிந்தவை:

• அறிகுறி தொடங்கியதிலிருந்து நோய் உறுதியாக நடுமட்டமாக 14 மாதங்கள் ஆகியிருக்கின்றன.
• நான்கில் ஒருவருக்கு 'எனக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தது' என்ற பழைய வரலாறே இல்லை. முதல் அடைப்பு சத்தமில்லாமல் வந்து போயிருக்கிறது.
• ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் 3 ஆண்டுக்குப் பிறகு உயிரோடு இருந்தவர்கள் 89 சதவீதம். செய்யாதவர்களில் 70 சதவீதம்.

கடைசிப் புள்ளிவிவரத்தைக் கொஞ்சம் கவனமாகப் படிக்கணும். ஆபரேஷனுக்குத் தகுதி இல்லாதவர்கள் ஏற்கெனவே உடல்நிலை மோசமாக இருந்தவர்களாகவும் இருக்கலாம். அதனால் வித்தியாசம் முழுவதையும் ஆபரேஷன் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும், செய்ய முடியும் என்றால் ஆபரேஷன்தான் முதல் சிகிச்சை என்பதில் உலக அளவிலான வழிகாட்டுதல்கள் ஒரே மாதிரிதான் சொல்கின்றன.

எந்த டெஸ்ட் எடுக்கணும்?

முதல் படி எக்கோ. இதயத்தின் வலப்பக்கம் வீங்கியிருக்கிறதா, நுரையீரல் அழுத்தம் கூடுதலாகத் தெரிகிறதா என்று அதில் பார்க்கலாம். குலசேகரத்திலேயே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இந்த அளவு மருத்துவமனைகளில் எக்கோ பெரிய விஷயமில்லை.

இரண்டாவது படிதான் முக்கியம். அதன் பெயர் வி/க்யூ ஸ்கேன். மிகக் குறைந்த அளவு கதிரியக்கப் பொருளை மூச்சு வழியாகவும் ஊசி வழியாகவும் கொடுத்து, நுரையீரலில் காற்று எங்கே போகிறது, ரத்தம் எங்கே போகிறது என்று இரண்டு படம் எடுப்பார்கள். காற்று போய், ரத்தம் மட்டும் போகாத பகுதிகள் இருந்தால் சந்தேகம் வலுக்கும். இந்த ஸ்கேன் முழுசாக நார்மல் என்றால் இந்த நோய் இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடலாம்.

"சிடி எடுத்தாச்சே, அதுல ஒண்ணும் இல்லன்னாங்களே?" என்று கேட்கலாம். புதுக் கட்டியைக் காட்டுவதில் சிடி கெட்டிக்காரன். பழைய தழும்பு சுவரோடு ஒட்டி மெல்லிய வலை மாதிரி இருக்கும். அதையே தேடிப் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் கண்ணில் அது தப்பிவிடலாம். அதனால்தான் வி/க்யூ தேவைப்படுகிறது.

சிக்கல் என்னன்னா, இதற்கு நியூக்ளியர் மெடிசின் பிரிவு வேண்டும். அது பெரும்பாலும் பெருநகர மருத்துவமனைகளில்தான் இருக்கும். இதயப் பிரச்சினை என்றால் குமரி மேற்குப் பகுதி மக்களில் பலர் ஐம்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் திருவனந்தபுரத்துக்குப் போவது வழக்கம். அப்படிப் போகும்போது இந்த ஸ்கேனைப் பற்றியும் கேட்டுவிட்டால் இன்னொரு பயணம் மிச்சம்.

ஸ்கேனில் சந்தேகம் வந்தால், கழுத்து அல்லது தொடைச் சிரை வழியாகக் குழாய் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். தமனியின் படமும் எடுப்பார்கள். இதையெல்லாம் ரத்த உறைவுத் தடுப்பு மருந்தைக் குறைந்தது 3 மாதம் ஒழுங்காக எடுத்த பிறகுதான் இறுதியாக முடிவு செய்வார்கள். ஏன் 3 மாதம்? கரையக்கூடியது கரைந்து முடிந்து, மிச்சமிருப்பது தழும்புதானா என்று அப்போதுதான் தெரியும்.

ஆபரேஷன் எப்படி நடக்கிறது?

பெயர் பல்மனரி எண்டார்ட்ரெக்டமி. நம்ம ஊர் மருத்துவமனைகளில் பி.டி.இ. என்பார்கள். 1970-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் நினா பிரௌன்வால்ட் என்ற பெண் அறுவை சிகிச்சை நிபுணர் தொடங்கிவைத்த வேலை இது. பின்னாளில் அங்கேயே ஸ்டூவர்ட் ஜேமீசன் இன்றைய முறையைச் செம்மைப்படுத்தினார். அந்த ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் மட்டும் 4,000-க்கும் மேல் நடந்திருக்கிறது.

படிப்படியாகப் பார்ப்போம்.

1. பைபாஸ் ஆபரேஷன் மாதிரியே நெஞ்செலும்பின் நடுவில் திறப்பார்கள். இரண்டு நுரையீரலையும் ஒரே தடவையில் சரிசெய்ய இதுதான் வழி.

2. இதயம், நுரையீரல் இரண்டின் வேலையையும் ஒரு இயந்திரம் ஏற்றுக்கொள்ளும். அதே இயந்திரம் ரத்தத்தைக் குளிர்வித்து, உடலை 18 முதல் 20 டிகிரி வரை கொண்டுவரும். தலையைச் சுற்றியும் குளிர்விப்பார்கள்.

3. அடுத்து ரத்த ஓட்டம் முழுசாக நிறுத்தப்படும். ஏன் இவ்வளவு தூரம் போகணும்? இதயத்தை நிறுத்தினாலும் நுரையீரலுக்கு வேறு சின்னக் குழாய்கள் வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கும். இந்த நோயாளிகளிடம் அந்தக் குழாய்கள் பெரிதாகியும் இருக்கும். தமனிக்குள் ரத்தம் நிரம்பி நின்றால், தழும்பு எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று பார்க்க முடியாது.

4. ஒரு தடவை நிறுத்தினால் 20 நிமிடம்தான் கணக்கு. குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் தேவை வெகுவாகக் குறைவதால் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குள் ஒரு பக்கத்தை முடிக்கப் பார்ப்பார்கள். பிறகு ரத்தத்தை ஓடவிட்டு, அடுத்த பக்கம்.

5. தழும்பைத் தமனியின் உள்ளடுக்கோடு சேர்த்து, கிளை கிளையாக உரித்துக்கொண்டே போவார்கள். ஆழம் அதிகமானால் தமனி கிழிந்துவிடும். குறைந்தால் தழும்பு உள்ளேயே தங்கிவிடும். சரியாக வந்தால், வெளியே எடுத்தது கிளைவிட்ட ஒரு சின்ன மரம் மாதிரியே இருக்கும்.

6. மெதுவாக உடலைச் சூடாக்கி, இதயத்தை மறுபடி ஓடவிடுவார்கள். எல்லாம் சேர்த்து ஒரு நாளின் பெரும்பகுதி ஆகிவிடும்.

ரத்த ஓட்டத்தை நிறுத்தினால் மூளை பாதிக்காதா?

யாருக்கும் முதலில் வரும் பயம் இதுதான். பிரிட்டனில் இந்த சிகிச்சைக்கான தேசிய மையமான பாப்வொர்த் மருத்துவமனை இதைச் சோதித்தது. 74 நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முழு நிறுத்தம், இன்னொரு குழுவுக்கு மூளைக்கு மட்டும் ரத்தம் கொடுத்துக்கொண்டே ஆபரேஷன். 2011-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. ஞாபகசக்தி, கவனம் போன்றவற்றில் இரண்டு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. அனுபவம் அதிகமுள்ள மையங்களில் இறப்பு 100-க்கு 2 பேர் அளவில் இருக்கிறது. மேலே சொன்ன சர்வதேசப் பதிவேட்டில் அது 4.7 சதவீதம். திடீரென ரத்தம் பாய்ந்த நுரையீரல் பகுதியில் நீர் கோத்துக்கொள்வது, சிலருக்கு அழுத்தம் முழுசாக இறங்காமல் போவது ஆகிய இரண்டும் முக்கியமான சிக்கல்கள். டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதனால் இதுதான்: "இந்த ஆபரேஷன் உங்க ஆஸ்பத்திரியில வருஷத்துக்கு எத்தனை நடக்குது?"

இந்தியாவில் எங்கே நடக்கிறது?

பெங்களூரு நாராயணா மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ், கொச்சி அம்ரிதா ஆகியவை இந்த ஆபரேஷனைத் தொடர்ந்து செய்து, தங்கள் அனுபவத்தை மருத்துவ இதழ்களில் எழுதியும் இருக்கின்றன. சென்னையிலும் நடந்திருக்கிறது. மாதத்துக்கு ஆயிரக்கணக்கில் பைபாஸ் நடக்கும் நாட்டில், இதற்குப் பழகிய கைகள் மிகக் குறைவு. காரணம் அறுவை சிகிச்சை நிபுணர் மட்டும் இல்லை. மயக்க மருத்துவர், இயந்திரத்தை இயக்குபவர், ஐ.சி.யு. குழு, ஸ்கேனைப் படிக்கத் தெரிந்தவர் என்று மொத்த அணியும் பழகியிருக்கணும்.

செலவு? தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வரம்பு இருக்கிறது. 2018 முதல் மத்திய அரசின் ஆயுஷ்மான் திட்டத்தோடு இணைந்து செயல்படுகிறது. ஆனா எந்த ஆபரேஷன், எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்பது முக்கியம். மாநில எல்லை தாண்டிப் போகிறவர்கள் அட்மிஷனுக்கு முன்பே அங்குள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. கம்பெனி இன்ஷூரன்ஸில் பெற்றோரைச் சேர்த்திருக்கிற ஐடி ஆட்கள் பாலிசியை இப்போதே ஒரு தடவை எடுத்துப் படித்துவிடுங்கள்.

ஆபரேஷன் முடியாது என்று சொல்லிவிட்டால்?

தழும்பு கைக்கு எட்டாத நுனிக் கிளைகளில் இருந்தாலோ, உடல்நிலை தாங்காது என்றாலோ வேறு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பலூன். இதய அடைப்புக்குச் செய்வது போலவே குழாய் வழியாகப் போய், அடைபட்ட கிளைகளை ஒவ்வொன்றாக விரிப்பார்கள். ஜப்பான் மருத்துவர்கள் இதைப் பாதுகாப்பான முறையாக வளர்த்தெடுத்தார்கள். ஒரே தடவையில் முடியாது. பல தடவை போக வேண்டியிருக்கும். இரண்டாவது, ரியோசிகுவாட் என்ற மாத்திரை. 2013-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்றது. அழுத்தத்தைக் குறைக்கும், தழும்பை எடுக்காது. கர்ப்பிணிகள் எடுக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 'ஆபரேஷன் முடியாது' என்ற முடிவை, இந்த ஆபரேஷனை அதிகம் செய்யும் மையத்தின் குழு எடுக்க வேண்டும். ஒரே ஒரு இடத்தில் முடியாது என்றார்கள் என்றால் இரண்டாவது கருத்து கேட்பது தப்பே இல்லை. வயது அதிகம் என்பது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

ஆபரேஷனுக்குப் பிறகும் ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை வாழ்நாள் முழுக்க வேண்டும். வார்ஃபரின் வகை மாத்திரை என்றால் ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனையைத் தவறாமல் செய்யணும். கீரையை விலக்க வேண்டியதில்லை, வாரத்துக்கு வாரம் அளவு ரொம்ப மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும். வலி மாத்திரையோ நாட்டு மருந்தோ டாக்டரைக் கேட்காமல் கூடாது.

வீட்டில் என்ன கவனிக்கணும்?

• நுரையீரல் ரத்தக்கட்டிக்கு சிகிச்சை எடுத்தவர்கள் 3 முதல் 6 மாதத்துக்குள் கட்டாயம் மறுபரிசோதனைக்குப் போகணும். மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. அப்போதும் மூச்சு வாங்கினால் எக்கோவும், தேவைப்பட்டால் வி/க்யூவும் கேளுங்கள்.
• ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் எண்ணெய் போட்டு உழிய வேண்டாம். உழிச்சலும் வர்ம வைத்தியமும் நம்ம மாவட்டத்தில் வீட்டுப் பழக்கம்தான். ஆனா உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். முதலில் டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பார்க்கணும்.
• மண்ணீரலை எடுத்தவர்கள், ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய் உள்ளவர்கள், தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள், முன்பு ரத்தக்கட்டி வந்தவர்கள் ஆகியோருக்கு இந்த நோயின் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். பயப்படத் தேவையில்லை. மூச்சு வாங்கினால் டாக்டரிடம் இந்தத் தகவலை மறக்காமல் சொல்லுங்கள்.
• திடீர் மூச்சுத்திணறல், மயக்கம், நெஞ்சுவலி என்றால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அடுத்த தடவை ஊரிலிருந்து "கொஞ்சம் எளப்பு, அவ்வளவுதான்" என்று சொன்னால், மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். போன வருஷம் இதே படியை நிற்காம ஏறுனியா? கால் வீக்கமோ, ஆபரேஷனோ, ரொம்ப நாள் படுக்கையோ இருந்துதா? இன்ஹேலர் அடிச்சா குறையுதா? பதில்கள் சரியில்லை என்று தோன்றினால், நேரம் ஒதுக்கி நீங்களே கூடப் போய் எக்கோ எடுத்துவிட்டு வாருங்கள். பெரும்பாலும் இந்த நோயாக இருக்காது. இருந்துவிட்டால், குணமாகக்கூடிய கட்டத்திலேயே கண்டுபிடித்ததாக இருக்கும்.